குறுக்கே பேசாதீர்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. ராவணனோடு மோதி விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கிரியை செய்த இடம் இதுதான் என்பது ஐதீகம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜடாயுவை ராமரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், பக்கத்தில் இருந்து, அது சொல்ல வந்ததைக் கேட்டார். பிறகு, ஒரு மகன் செய்யவேண்டியதைச் செய்தார்.

இதே கோயிலில் மரகதவல்லித் தாயார் சந்நிதி. குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். காலையில் முளைவிட்டிருந்தால் குழந்தை நிச்சயம் என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்குமா என்று வாதம் செய்ய நான் வரவில்லை. நான் பார்ப்பது வேறு. 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்று ஊரும் உறவும் துளைத்தெடுத்த ஒரு பெண், இங்கே வந்து மனசில் உள்ளதை எல்லாம் கொட்டுகிறாள். தாயார் குறுக்கே பேசுவதில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்பதில்லை. முக்கியமாக, அட்வைஸ் இல்லை!

இந்த வித்தையை மனிதர்கள் கற்றுக்கொண்ட கதைதான் கவுன்சலிங்கின் கதை. (நம் ஊரில் கவுன்சலிங் என்றால் இன்ஜினீயரிங் சீட்தான் ஞாபகம் வரும். இது வேறு!)

1935. இங்கிலாந்தின் லிங்கன் நகரம். சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஓர் இறுதிச் சடங்கை நடத்துகிறார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. முதல் மாதவிலக்கைப் பார்த்து, ஏதோ அசிங்கமான நோய் வந்துவிட்டதாக மிரண்டு, உயிரை விட்டிருந்தாள். பயப்படாமல் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். இந்த உறுத்தல் பாதிரியாரை விடவே இல்லை.

18 வருடங்கள் கழித்து, 1953 நவம்பரில், லண்டன் சர்ச் ஒன்றில் டெலிபோன் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சாகலாம் என்று தோன்றுகிறதா? கூப்பிடுங்கள்.' போனிலும் நேரிலும் கூட்டம் குவிந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ, காபி கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். தொண்டர்களிடம் மனசுவிட்டுப் பேசியவர்களில் பலர், 'இப்ப பரவாயில்லை' என்று பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்! விஷயத்தைப் புரிந்துகொண்ட வாரா, 1954 பிப்ரவரியில் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் பிறந்தது இப்படித்தான்.

அந்த டீயில் என்ன மந்திரம்? அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் இதே கேள்வியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். உதவி கேட்டு வருபவரை 'நோயாளி' என்று சொல்லாமல் 'கிளையன்ட்' என்றவர் அவர். பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஆடிட்டர் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால், தொழில் கிளையன்ட்டுடையது. முடிவும் அவருடையதுதான்!

1957-ல் ரோஜர்ஸ் எழுதிய கட்டுரை கவுன்சலரிடம் இருக்கவேண்டிய மூன்று குணங்களைச் சொன்னது. நிபந்தனை போடாமல் மதிப்பது, அவர் இடத்தில் நின்று பார்ப்பது, நடிக்காமல் இருப்பது. நடைமுறையில்? கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, 'சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?' என்பார். வழிகளைச் சேர்ந்து அலசுவார். ரகசியம் காப்பார், உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் விதிவிலக்கு உண்டு. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். எல்லாவற்றையும் காதாலேயே குணப்படுத்திவிட முடியாது, இல்லையா?

சென்னைக்கு வருவோம். 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வை ஆரம்பித்தார். இங்கும் பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான் கேட்கிறார்கள். காசு கிடையாது. அப்போதைய சட்டம் என்ன தெரியுமா? தற்கொலைக்கு முயன்று பிழைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்! உடைந்து போனவர் யாரிடம் வாய் திறப்பார்? 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், 'அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது' என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309-வது பிரிவே இல்லை. 2022-லிருந்து 14416 என்ற அரசின் இலவச எண்ணும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

ஒரு வாக்குமூலம். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் ஒருவர் எனக்கு நண்பர். கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் ஒருநாள், 'கொஞ்சம் பேசணும் சார்' என்று வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் பேப்பரும் பேனாவும் எடுத்து, வட்டிக் கணக்குப் போட்டு, ஒரு மணி நேரம் லெக்சர் அடித்தேன். 'சரிங்க சார்' என்று போய்விட்டார். பல மாதங்கள் கழித்து, கஷ்டம் ஓரளவு தீர்ந்த பிறகு சொன்னார்:

'அன்னிக்கு நான் கணக்குக் கேட்க வரல சார். செத்துடலாம் போல இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.'

வட்டிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆளைத்தான் நான் பார்க்கவில்லை.

உங்களிடமும் யாராவது 'கொஞ்சம் பேசணும்' என்று வரக்கூடும். ஒரு டீ சொல்லுங்கள். அப்புறம்... தயவுசெய்து, குறுக்கே பேசாதீர்கள்!