நண்டு ஓட்டின் வலிமை

நோட்டன் பிரிட்ஜில் கெசல்கமுவ ஓயாவை மறித்து நிற்கும் அணைக்கட்டு, தன் பாரத்தினாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்குகின்றது. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவருடைய எண்ணம் 1950இல் லக்சபான மின்நிலையமாக உருப்பெற்றது. உறுதி என்றதும் இத்தகைய கனத்த சுவரே மனிதரின் நினைவுக்கு வருகின்றது.

அதே மலைச்சாரலின் ஓடைகளில் கல்லிடுக்குகளில் வாழும் நன்னீர் நண்டின் வலிமையோ வேறு வகையானது. அதன் ஓடு மெல்லியது. ஆயினும் அடியைத் தாங்க வல்லது.

நண்டின் ஓட்டைச் சாய்வாகச் சீவி நுண்ணோக்கியில் நோக்கிய அறிஞர்கள், அதில் வில் போன்ற வளைவுகளைக் கண்டு, அதன் இழைகளே வளைந்து கிடப்பதாகக் கருதினர். அவ்வளைவுகள் வெறும் தோற்றமே என்பதை 1965இல் பிரெஞ்சு அறிஞர் இவ் பூலிகான் விளக்கினார். இழைகள் நேரானவையே. ஒரு பாயின்மேல் மற்றொரு பாயைச் சற்றே திருப்பி விரித்து, அதன்மேல் இன்னொன்றை மேலும் திருப்பி விரித்தாற்போல அவை அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, ஓட்டில் விழும் விரிசல் நேரே ஊடுருவ இயலாது. அடுக்குதோறும் திசைமாறி அலைந்து, அது தன் வேகத்தை இழக்கின்றது.

இவ்வமைப்பின் பெருமையை உலகறியச் செய்தது, நண்டின் தூரத்து உறவான மாண்டிஸ் இறால். சிப்பிகளையும் நத்தைகளையும் உடைக்கும் அதன் சம்மட்டி போன்ற கால், நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வதை 2004இல் ஷீலா பட்டேக் குழுவினர் அளந்தனர். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின்னும் அக்கால் உடையாததேன்? கடினமான மேற்பரப்பின் கீழே அதே சுழல் அடுக்குகள் இருப்பதை 2012இல் ஜேம்ஸ் வீவர், டேவிட் கிசைலஸ் முதலியோர் கண்டனர். 2014இல் அதே முறையில் கரியிழைப் பலகைகள் செய்து இடித்துச் சோதித்தபோது, சேதம் ஆழமாகப் பரவாமை தெரியவந்தது.

1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவினர் இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்தனர். அக்குழுவின் பெர் பிரிங்க் நினைவாக, மலைநாட்டு நண்டுப் பேரினம் ஒன்றுக்கு 1969இல் பெர்பிரிங்கியா எனப் பெயரிடப்பட்டது. இலங்கையின் ஏறத்தாழ ஐம்பது வகை நன்னீர் நண்டுகளுள் மிகப் பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் இல்லை. காடு சுருங்கியமையாலும் ஓடைநீர் மாசுற்றமையாலும் அவற்றுட் பல அழிவின் விளிம்பில் உள்ளன. அடியைத் தாங்கும் ஓடு, வாழிடத்தை இழந்த நண்டைக் காக்க வல்லதன்று. அவ்வோடைகளைத் தூய்மையாக வைத்திருப்பது மனிதரின் கடனாகும்.