சிசேரியன் பிரசவம்: கர்ப்பகாலத்திலேயே தொடங்க வேண்டிய ஆயத்தம்

சிசேரியன் என்பது அடிவயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை வெளியே எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையாகும். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதக் குழந்தைகள் இம்முறையில் பிறக்கின்றன. ஆகவே, சுகப்பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தினரும் இதுபற்றி முன்னதாகவே அறிந்திருத்தல் நன்று.

சுகப்பிரசவத்தைக் காட்டிலும் இதில் இரத்த இழப்பு அதிகம். எனவே, இரத்தசோகையைத் தவிர்ப்பதே முதன்மையான ஆயத்தம். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனப்படும். அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும், குறைந்தது 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். தேநீர், காப்பி, கால்சியம் மாத்திரை ஆகியவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இவற்றுக்கு இடையே இரண்டு மணி நேர இடைவெளி தேவை. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை துணைபுரியும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அது இயல்பான மாற்றமே. இரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைகளையும் தவறவிடலாகாது.

நஞ்சு கருப்பைவாயை மூடியிருத்தல், குழந்தை குறுக்காகக் கிடத்தல் போன்ற காரணங்கள் முன்பே தெரியவரும். குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதும், பிரசவம் முன்னேறாமல் தடைபடுவதும் வலி தொடங்கிய பின்னரே புலப்படும். அத்தகைய நேரத்தில் ஒப்புதல் கையொப்பத்துக்காக உறவினர்களின் வருகைக்குக் காத்திருப்பது ஆபத்தானது. கர்ப்பிணி தாமே கையொப்பமிடலாம்.

மருத்துவக் காரணமின்றி, நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. 39 வாரங்கள் நிறைவடையும் முன் இவ்வாறு எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் ஏற்படும் வாய்ப்பு அதிகம். மேலும், ஒவ்வொரு சிசேரியனுக்குப் பின்னரும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஆழ ஒட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. எனினும், ஒருமுறை சிசேரியன் செய்துகொண்ட அனைவருக்கும் மறுமுறையும் அதுவே நேரும் என்பதில்லை. தழும்பின் தன்மையைப் பொறுத்துச் சுகப்பிரசவத்துக்கு முயல இயலுமா என மருத்துவரிடம் கேட்டறியலாம்.

பெரும்பாலும் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வர். தாய் விழித்திருப்பார்; வலி தெரியாது, அழுத்தம் உணரப்படலாம். குழந்தை பொதுவாகச் சில நிமிடங்களில் எடுக்கப்பட்டுவிடும். தையலுக்கே கூடுதல் நேரம் ஆகும். நலமாயிருப்பின் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டலாம். மயக்கமருந்து அதற்குத் தடையன்று.

தண்ணீர் அருந்தினால் தையல் சீழ்பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. மருத்துவர் அனுமதித்த பின் நீரும் பருப்பு, முட்டை, கீரை போன்ற உணவும் தாராளமாகத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் துணையுடன் எழுந்து நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனையை அணுகவும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.