நரம்பு வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா? கூகுள் பார்த்து நிறுத்தும் முன் இதைப் படிங்க!

அப்பாவுக்குப் பல வருஷமா சர்க்கரை நோய். ராத்திரியானா போதும், "பாதம் நெருப்பு மேல வெச்ச மாதிரி எரியுது"ன்னு புலம்புகிறார். கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் காட்டுகிறீர்கள். சீட்டில் இருக்கும் 'அமிட்ரிப்டிலின்' என்ற பெயரை மொபைலில் தேடினால், 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வருகிறது. "எங்கப்பா மனசுக்கு ஒண்ணும் இல்லையே, தப்பா எழுதிட்டாங்களா?" என்று பதற்றமாகும். பெரும்பாலும் தப்பில்லை. ஆனால், தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

சாதாரண வலி மாத்திரை ஏன் கேட்பதில்லை?

கால் சுளுக்கினால், அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. நரம்பு வலியில் கெட்டுப்போனது அந்த நரம்பேதான். மேலுறை உரிந்த ஒயர் போல, காரணமே இல்லாமல் அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எரிச்சல், குத்தல், ஷாக் அடிப்பது, மரத்துப்போவது எல்லாம் அதன் அடையாளங்கள். பாராசிட்டமால் இதற்குப் பெரிதாக உதவாது. நரம்பின் கூச்சலை அடக்கும் மருந்துதான் வேண்டும். வலிப்பு நோய் மருந்துகளும் சில மனச்சோர்வு மருந்துகளும் அந்த வேலையைச் செய்கின்றன.

'ஆஃப் லேபிள்'னா என்ன?

ஒரு மருந்து எந்த நோய்க்கு என்று அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தருகிறதோ, அதுதான் அதன் 'லேபிள்'. அந்தப் பட்டியலில் இல்லாத நோய்க்கு, மருத்துவ ஆதாரத்தை வைத்து டாக்டர் எழுதினால் அது 'ஆஃப் லேபிள்'. உலகம் முழுக்க டாக்டர்கள் இப்படி எழுதுகிறார்கள். ஆனால், மருந்து கம்பெனி அப்படி விளம்பரம் செய்யக் கூடாது. வலிப்பு மருந்தான காபாபென்டினை அனுமதியில்லாத நோய்களுக்கெல்லாம் சந்தைப்படுத்திய வழக்கில், அமெரிக்காவின் வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது.

எது, எதற்காக வந்த மருந்து?

* அமிட்ரிப்டிலின்: மனச்சோர்வுக்கு வந்தது. நரம்பு வலிக்குப் பெரும்பாலும் ராத்திரியில் 10 மி.கி. என்ற சின்ன அளவில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம்.
* காபாபென்டின்: அமெரிக்காவில் 1993-ல் வலிப்புக்கு அனுமதி, 2002-ல் அக்கிக்குப் பிறகு வரும் வலிக்கும் கிடைத்தது. சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல் அந்த லேபிளில் இல்லை, ஆனாலும் எழுதுகிறார்கள்.
* டுலோக்செடின்: இதுவும் மனச்சோர்வு மருந்துதான். சர்க்கரை நோய் நரம்பு வலிக்கு அமெரிக்காவில் 2004-லேயே முறையான அனுமதி பெற்றுவிட்டது.
* குறைந்த அளவு நால்ட்ரெக்சோன்: குடிப்பழக்கத்திலிருந்து மீட்கத் தரும் மருந்து. சின்ன அளவில் வலிக்குத் தந்து பார்க்கிறார்கள். ஆதாரம் இன்னும் பலமாக இல்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

2015-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பின் கணக்கு இது: அமிட்ரிப்டிலின் வகை மருந்தைச் சுமார் 4 பேருக்குக் கொடுத்தால், அதில் ஒருவருக்கு மருந்தின் பலனாக வலி பாதியாகக் குறைகிறது. காபாபென்டின், பிரீகாபலின் என்றால் ஏழெட்டுப் பேரில் ஒருவர். அதாவது, ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் நோயாளி நடிக்கிறார் என்று அர்த்தமில்லை. அடுத்ததை முயற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "வேலை செய்யல"ன்னு தூக்கிப் போடாதீங்க.

இங்கேதான் உஷார்!

* மது: இந்த மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். தொடர்ந்து குடிப்பதாலும் நரம்பு கெடும். அப்படியென்றால் மாத்திரை மட்டும் போதாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மெத்தனால், கண் நரம்பையே அழிக்கக்கூடியது. டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைக்க வேண்டாம்.
* வண்டி: மருந்து தொடங்கிய முதல் சில நாள்கள், மலைப்பாதை வளைவுகளில் பைக் வேண்டாம்.
* மற்ற நோய்கள்: இதயக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் அமிட்ரிப்டிலின் ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதென்றால் காபாபென்டின், பிரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* திடீர் நிறுத்தம்: கூடவே கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.
* பக்கத்து வீட்டு மாத்திரை: "எனக்குக் கேட்டுச்சு, நீயும் போடு" என்று தருவதை வாங்காதீர்கள். இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

அக்கி வந்தா 72 மணி நேரம்

நம்ம பக்கம் அக்கி வந்தால் காவி குழைத்து 'அக்கி எழுதுவது' வழக்கம். கொப்புளம் தானாகவே ஆறிவிடும். ஆனால், வலி மாதக்கணக்கில் தங்கிவிடலாம். அதனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது நல்லது. அக்கி எழுதினாலும் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீங்க.

டாக்டரிடம் இதைக் கேளுங்க

1. இந்த வலிக்குக் காரணம் என்ன? பி12 பார்த்தாச்சா? (மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவே நரம்பைக் கெடுக்கும்.)
2. இது லேபிளில் உள்ள பயன்பாடா, ஆஃப் லேபிளா?
3. எத்தனை வாரம் பார்க்கணும்? கேட்கலைன்னா அடுத்து என்ன?

மலை ஊர்களில் இருந்தால்...

வெள்ளிமலை பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கி வருவது ஒருநாள் கூலியை விடுவது போல. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பக்கவிளைவு இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். அரசின் 'இ-சஞ்சீவனி' மூலம் மொபைலிலேயே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். சந்தேகத்துக்கு 104, எழுப்பியும் எழாத தூக்கம், மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் கொப்புளத் தடிப்பு என்றால் உடனே 108.

இன்னிக்கே செய்ய ஒரு வேலை: வீட்டில் வலியோடு இருப்பவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த டாக்டரைப் பார்த்தாலும், முதலில் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள்.