நோய்ச் செலவை யார் ஏற்பது?
இலவச சுகாதார சேவையுள்ள எமது நாட்டில் மருத்துவக் காப்புறுதி எதற்கு என வினவுவோர் உளர். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமே. ஆயினும் அங்கு கையிருப்பில் இல்லாத மருந்தை நோயாளி வெளியே வாங்க நேர்கிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இதனை யாவரும் கண்டோம்.

அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. தனியார் துறையில் அது தொழில்தருநரின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த விருப்பம் அதிகாரிகளோடு நின்றுவிடுவதும் உண்டு. நாட்கூலியாளர் தாமாகக் கட்டுப்பணம் செலுத்த அவர்தம் வருமானம் இடமளிப்பதில்லை.

1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். முதுமைக்குப் பங்களிக்கக் கடமைப்பட்டவருக்கு நோயில் மட்டும் விலக்களிப்பது ஏன்? நிலையான தொழில்தருநர் அற்றோரின் கட்டுப்பணத்தை அரசாங்கமே வரிப்பணத்திலிருந்து ஏற்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும்.