அசிட்டைல் துணைநொதி ஏ: காடியிலிருந்து கந்தகம் வரை

மேல்நிலை வகுப்பில் சுவாசித்தல் பாடம் படித்தவர்களுக்கு ‘அசிட்டைல் துணைநொதி ஏ’ என்ற பெயர் நினைவிருக்கும். பைருவிக் அமிலத்துக்கும் கிரப்ஸ் சுழற்சிக்கும் நடுவில் அது நிற்கும். கடைசியில் வரும் அந்த ‘ஏ’வை வைட்டமின் ஏ என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் இன்றும் உண்டு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயரின் முன்பாதி பழையது. ‘அசிட்டம்’ என்றால் லத்தீனில் காடி. அதனுடன், பொருள் என்று பொருள்படும் ‘ஹூலே’ என்ற கிரேக்கச் சொல்லின் தேய்ந்த வடிவமான ‘ஐல்’ என்பதைச் சேர்த்து, 1839-ல் ‘அசிட்டைல்’ என்ற பெயரை உருவாக்கியவர் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அவர் அப்படி அழைத்த தொகுதி இன்று நாம் அழைக்கும் அசிட்டைல் அல்ல. அதில் ஆக்சிஜனே இல்லை. சொல் நிலைத்தது, பொருள் பிறகு மாறியது. துணைநொதியில் உள்ள நொதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘என்சைம்’ 1877-ல் ஜெர்மன் உடலியலாளர் கூனே தந்த பெயர். ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்று பொருள். நொதித்தலிலிருந்து ‘நொதி’யை எடுத்த நம்மவர்களும் அதே வழியில்தான் போயிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று.

‘ஏ’ வந்தது 1940-களில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில். அங்கே ஃபிரிட்ஸ் லிப்மன் புறாவின் ஈரலைச் சாறாக்கி, அது சல்ஃபா மருந்தின்மேல் அசிட்டைல் தொகுதியை ஏற்றுவதை அளந்துகொண்டிருந்தார். சாற்றைச் சில மணி நேரம் வைத்திருந்தால் வேலை நின்றுவிடும். கொதிக்கவைத்த ஈரல் சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் மறுபடி நடக்கும். கொதித்தும் கெடாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நரம்புகளுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை உண்டாக்கவும் அதே பொருள்தான் தேவை என்பதை 1946-ல் லிப்மனும் நேதன் கப்லனும் காட்டினார்கள். அசிட்டேட்டை ஊக்குவிப்பது என்ற பொருளில், அதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்து ‘துணைநொதி ஏ’ என்று பெயரிட்டார்கள். உருவம் முழுதாகத் தெரியுமுன்னே, செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர் அது. அடுத்த ஆண்டில் அதற்குள் பேன்டோதெனிக் அமிலம், அதாவது வைட்டமின் பி5 இருப்பது தெரிந்தது.

அசிட்டைல் எங்கே ஒட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை 1951-ல் மியூனிக்கில் கிடைத்தது. ஃபியோடர் லீனன் ஈஸ்டிலிருந்து ‘ஊக்கம் பெற்ற அசிட்டிக் அமில’த்தைப் பிரித்தெடுத்து, அது கந்தக அணு ஒன்றில் பிணைந்திருப்பதைக் காட்டினார். அந்த மூலக்கூறில் உள்ள 23 கரி அணுக்களில் அசிட்டைலுக்குச் சொந்தமானவை 2 மட்டுமே. மற்றதெல்லாம் அந்த இரண்டைச் சுமக்கும் பிடி. கந்தகப் பிணைப்பு எளிதில் அவிழும். அவிழும்போது ஆற்றலும் தரும். அதனால்தான் அசிட்டைல் அடுத்த மூலக்கூறுக்குச் சிரமமின்றித் தாவுகிறது.

சோறு, எண்ணெய், பருப்பு எதைத் தின்றாலும் பெரும்பகுதி கடைசியில் இந்த இரண்டு கரி அணுத் துண்டாக வந்து சேர்கிறது. கிரப்ஸ் சுழற்சியில் எரிவதும், கொழுப்பாகச் சேர்வதும், கொலஸ்ட்ராலாவதும் இதுதான். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டி, மரபணுக்களைத் திறந்துவைப்பதும் இதுவே.

கட்டுப்பாட்டிலும் இதற்குப் பங்கு பெரிது. பட்டினியில் கொழுப்பு உடைந்து ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவில் அசிட்டைல் துணைநொதி ஏ குவிகிறது. குவிந்ததும் தன்னை உண்டாக்கும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் நொதியைத் தடுக்கிறது; பைருவேட் கார்பாக்சிலேஸைத் தூண்டிவிடுகிறது. பைருவேட், அதாவது பைருவிக் அமிலம், எரியாமல் குளுக்கோஸ் ஆகும் பாதையில் திரும்புகிறது. மூளைக்குச் சர்க்கரை கிடைப்பது இப்படித்தான். ஆனால் பைருவேட்டிலிருந்து அசிட்டைலுக்குப் போகும் பாதை ஒருவழி என்பதால், நம் உடலில் அசிட்டைலின் கரி அணுக்களைக் கொண்டு நிகரமாகக் குளுக்கோஸ் உண்டாக்க முடியாது. மிஞ்சுவது கீட்டோன்களாகிறது. அவற்றில் ஒன்றான அசிட்டோனும் பெயரில் அதே காடியின் வாரிசு. இன்சுலின் இல்லாத நீரிழிவுக்காரர்களின் மூச்சில் பழவாசம் அடிப்பது அந்த அசிட்டோனால்தான்.

லிப்மனுக்கு 1953-லும் லீனனுக்கு 1964-லும் நோபல் பரிசு கிடைத்தது. பெயரில் ‘ஏ’ இடம்பிடித்தது. உண்மையில் வேலை செய்யும் கந்தகத்துக்குப் பெயரில் இடமில்லை. ஆசிரியர்களே, கரும்பலகையில் இந்தப் பெயரை எழுதும்போது அசிட்டைலுக்கும் துணைநொதிக்கும் நடுவில் அந்த ஒரு கந்தக அணுவையும் வரைந்து காட்டுங்கள்.