சந்திரன் நடையும் தேங்காய் வீழ்ச்சியும்

கொச்சியில் தேவராவின் காயற்கரையிலே சற்று நேரம் நிற்போமாயின், இயக்கத்தின் இரு வகைகளையும் ஒருங்கே காண்கின்றோம். அலையற்ற நீரில் ஒரே நிதானமாகச் செல்லும் வள்ளம் நிமிடத்துக்கு நிமிடம் சம தூரத்தைக் கடக்கிறது. கரையிலுள்ள தென்னையினின்று கழன்ற தேங்காயோ, கணத்துக்குக் கணம் விரைவு கூடி மண்ணில் வந்து மோதுகிறது. முன்னது சீரான இயக்கம். பின்னது சீராக வேகம் வளரும் இயக்கம். இவ்வேக வளர்ச்சியையே இன்றைய பாடநூல்கள் முடுக்கம் என வழங்குகின்றன. பள்ளி மாணவன் ஒரு வாரத்தில் கற்றுவிடும் இவ்வேறுபாட்டை அறிவுலகம் தெளிந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

மாறும் வேகத்தை நம் நாட்டார் கருத்தூன்றி ஆராய்ந்தது மண்ணிலன்று, விண்ணிலே. சந்திரன் நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகைக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. ஆயினும் ஒருநாள் ஏறத்தாழ 12 பாகையும், வேறொருநாள் 15 பாகையளவும் செல்வதுண்டு. சராசரி நடையை மத்தியம கதி என்றும், உண்மை நடையை ஸ்புட கதி என்றும் வானநூலார் அழைத்தனர். பஞ்சாங்கத்திலே திதி ஒருநாள் நீண்டும் ஒருநாள் குறுகியும் நிற்பதற்கு இந்த மாறும் நடையே பெரிதும் காரணம். திதி முடியும் நாழிகையைப் பிழையின்றிச் சொல்ல வேண்டிய கணிதருக்கு நாட்சராசரி போதவில்லை. எனவே பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் தாத்காலிக கதி, அதாவது அந்தந்தக் கணத்து வேகம், என்ற கருத்தைக் கையாண்டார்.

பழைய கொச்சி இராச்சியத்து இரிஞ்ஞாலக்குடையைச் சார்ந்தவராகக் கருதப்படும் சங்கமகிராம மாதவர், 14ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். சந்திரனின் இடத்தை நாளொன்றுக்கு ஒன்பது முறை கணிக்கும் வழியைத் தம் வேண்வாரோகத்தில் அவர் வகுத்தார். அம்மரபில் வந்த நீலகண்ட சோமயாஜியின் தந்திரசங்கிரகம், 1500ஆம் ஆண்டளவில், கண வேகத்தைக் காணும் விதியையே தந்தது. சந்திரனின் வேகம் மாறுவதும் சீராக அன்று. ஆகவே இவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு தேங்காயின் கணக்கினும் கடினமானது என்றே சொல்வோம். எனினும், விழும் பொருளின் விதியையும் இவர்களே கண்டனர் என்று பெருமை பேசுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அது வேறிடத்தில் பிறந்தது.

14ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர் ஓர் உண்மையை நிறுவினர். சீராக வேகம் வளரும் பொருள் கடக்கும் தூரம், தொடக்க வேகத்துக்கும் முடிவு வேகத்துக்கும் நடுவான வேகத்தில் அது சீராகச் சென்றால் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்பதே அது. கலிலியோவும் முதலில் வழி தவறினார். விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கேற்ப வளர்கிறது என்று 1604இல் எண்ணினார். காலத்துக்கேற்ப வளர்கிறது என்பதைப் பின்னரே தெளிந்தார். நொடியைக் காட்டும் கடிகாரம் அவரிடம் இல்லை. சாய்ந்த பலகையின் பள்ளத்தில் வெண்கல உருண்டையை உருளவிட்டு, அது உருளும் நேரத்தில் மெல்லிய குழாய் வழியே ஒழுகிய நீரைப் பிடித்து, தராசிலிட்டு நிறுத்துக் காலத்தை அளந்தார்! சம கால அளவுகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்னும் ஒற்றை எண்களின் விகிதத்தில் வளர்வதை 1638இல் லெய்டனில் வெளியான தம் நூலில் விளக்கினார்.

தேவராத் தென்னைக்கு மீள்வோம். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், தேங்காய் முதல் நொடியில் 16 அடி விழும். இரண்டாம் நொடியில் அதன் மும்மடங்காகிய 48 அடி. மரம் 64 அடி உயரமாயின் இரண்டே நொடியில் தரை. அப்போது அதன் வேகம் நொடிக்கு 64 அடி. நடு வேகம் 32 அடி. இரண்டு நொடிக்கு 64 அடி. மெர்ட்டன் கல்லூரியார் சொன்ன கணக்கு ஒத்துவருகிறது. மரத்தடியில் நிற்பவர் விலகிக்கொள்ள அவ்விரண்டு நொடிதான் உண்டு.