கையெழுத்திட்டவர் யார்?

நாம் கணக்கெழுதும் செமிலிங் அடங்கிய கெடா, 1909 வரை சயாமுக்குப் பொற்பூ மரங்களைக் கப்பமாய் அனுப்பிய நாடு. பின்னர் பிரிட்டிஷார் வசமாயிற்று. 1922-ஆம் ஆண்டு ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை இரப்பர் ஏற்றுமதிக்குக் கடிவாளமிட்டது. டச்சுக்காரர் சேராது நின்று இலாபமடைந்தனர். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1934 மே 7-ஆம் தேதி இலண்டனில் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகிய ஐந்து அரசுகள் புதிய ஒப்பந்தஞ் செய்தன. விநோதத்தைப் பாருங்கள்! கப்பம் வாங்கிய சயாம் தன் பங்கைத் தானே பேசிப் பெற்றது. கப்பம் கட்டிய கெடாவுக்கோ பிரிட்டனே பேசிற்று. பால்மரம் வெட்டிய தமிழனை அம்மேஜையில் நினைத்தாரில்லை. 1938-இல் ஏற்றுமதிப் பங்கு சுருங்கவே, தோட்ட முதலாளிகள் 50 காசு நாட்கூலியை 45 ஆக்கினர். அவ்வாண்டு ஜூனில், அடிமை நாடென்றிருந்த இந்தியாவின் சர்க்கார், உதவி பெற்று மலாயாவுக்குக் கூலியாட்கள் கப்பலேறுவதைத் தடுத்துவிட்டது.